வீட்டு பஸ்ஸின் காஸ் அலாரம்

இலங்கைத்துறையில் விடியும் நேரத்தில் அந்த அலாரம் கத்தியபோது, பஸ்ஸுக்குள் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைத் தங்குமிடம் ஒன்றின் வளவில் பஸ்ஸை நிறுத்தி, அங்கிருந்து கரண்ட் வயர் இழுத்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். சத்தம் கேட்டதும் தாயும் தகப்பனும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படுத்த உடுப்போடு மணலில் இறங்கி ஓடினார்கள். கரைவலை இழுக்க வந்திருந்த மீனவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் துணிந்து உள்ளே போய், வயரைக் கழற்றி, கதவு யன்னல்களைத் திறந்து, சிலிண்டரையும் மூடிவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் அந்தத் தகப்பன் கிண்ணியாவுக்குப் போன் எடுத்தார். போனில் பதில் சொன்னவள் றுமானா.

பஸ் றுமானாவின் கணவன் அஸீமுடையது. கட்டாரில் பஸ் கராஜ் ஒன்றில் நெடுங்காலம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். ஓட்டம் நின்றுபோன ஒரு சின்ன பஸ்ஸை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, கட்டில்கள், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஆள் நிற்கக்கூடிய கழிப்பறை என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்தியிருந்தான். சுற்றுலா வருபவர்கள் அதை வாடகைக்கு எடுத்து, நிலாவெளி, வெருகல் என்று கரையோரமாகப் போய் நின்று வருவார்கள். ஊரில் அதற்கு வீட்டு பஸ் என்று பேர். நாடெங்கும் காஸ் சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் வந்த காலத்தில் அவனும் பயந்திருந்தான். ஆகவே கட்டிலுக்குக் கீழே, தரையோடு ஒட்டினாற்போல, ஒரு காஸ் அலாரத்தையும் பொருத்தி வைத்தான்.

அலாரம் பொய்க்குக் கத்துவது இது முதல் தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் அஸீம் மோட்டார் சைக்கிளில் போவான். அவன் போய்ச் சேரும்போது எல்லாம் திறந்து கிடக்கும், அலாரம் அமைதியாக இருக்கும். சவர்க்கார நுரையைக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் பூசிப் பார்ப்பான். ஒரு குமிழிகூட வராது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புவான்.

இலங்கைத்துறையிலிருந்து வந்த அன்று அவன் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"அதக் கழட்டி எறியப் போறன்," என்றான். "காஸ் லீக் ஒண்டுமில்ல. அந்தப் பெட்டிதான் பிழை."

"போன மாசம் புதுசு ஒண்டு போட்டீங்களே. அதுவும் கத்துதெண்டா பெட்டியில எப்பிடிப் பிழை?" என்றாள் றுமானா.

"அப்ப வேற என்ன?"

"எனக்குத் தெரியா. ஆனா கழட்டவேணாம். சின்னப் புள்ளையள் படுக்கிற இடம். ஒருநாளைக்கு உண்மையாவே லீக்கானா என்ன செய்யிற?"

அஸீம் கதிரையில் உட்கார்ந்தான்.

"நான் அதுக்குள்ள இருந்து பாக்கிறன்," என்றாள் அவள். "வாடகைக்கு வாற ஆக்கள் என்னென்ன செய்யிறாங்களோ, அதெல்லாத்தையும் செஞ்சி பாக்கிறன். நீங்க போய்ச் சேரக்குள்ள அது நிண்டு போயிருது. கத்தக்குள்ள பக்கத்துல ஆள் இருந்தாத்தானே தெரியும்."

முதலில் வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்திச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. அது றுமானாவுக்கு அவளுடைய உம்மா ஜெஸீமா சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. உம்மா பின்னறையில் இருந்தார். தங்கை ரிஸ்னா தன் வீட்டுக்குக் கூரை போட்டு முடியும்வரை என்று புருசன் பிள்ளைகளோடு வந்து முன்னறையில் இருந்தாள். கூரை மழைக்கு முன் முடியும் என்றார்கள். மழை வந்து போய்விட்டது. றுமானாவின் இரண்டு பிள்ளைகளோடு சேர்த்து அந்த வீட்டில் எந்நேரமும் யாராவது எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். அவள் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தாலும் சிறுசுகள் பின்னால் ஏறின. கதவு மூடவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அஸீம் சொன்னான்:

"இஞ்ச சரிவராது புள்ள. சீனக்குடாப் பக்கம் இக்னேசியஸ்ட வளவுல கொண்டு போய் விடுறன். அங்க இருந்து பார்."

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "புருசன் புள்ளையள் வீட்டுல இருக்க, பொம்புள போய் பஸ்ஸுக்குள்ள படுக்கிறதா? சனம் என்ன கதைக்கும்?"

"கூப்பிடு தூரத்துல கிறேஸ் இருக்கா மாமி. நானும் வந்து வந்து பாப்பன்," என்றான் அஸீம்.

இக்னேசியஸ் அஸீமோடு கட்டாரில் ஒரே கராஜில் வேலை செய்தவர். அவரும் மனைவி கிறேஸும் விரிகுடாக் கரையோரமாக இருந்த வளவில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். வேம்புக்குக் கீழே பஸ்ஸை நிறுத்தினால், முன் கண்ணாடியில் தண்ணீரும், சரக்கு இறக்கக் காத்து நிற்கும் கப்பல்களும் தெரியும். அஸீம் பஸ்ஸை நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, வேலைக்குப் போய்விட்டான்.

றுமானா அன்றைக்கே தொடங்கினாள். கதவு யன்னல்களைச் சாத்திக்கொண்டு மீன் பொரித்தாள். புகையில் கண் எரிந்தது, அலாரம் கத்தவில்லை. உள்ளியும் மிளகாயும் தாளித்தாள். கத்தவில்லை. தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். கிறேஸிடம் நுளம்பு மருந்து வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே அடித்தபோது அது கத்தியது. கிறேஸ் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"பிடிச்சிட்டீங்களோ?"

"இது இல்ல கிறேஸ். விடியக்குள்ள எழும்பி ஆரு நுளம்பு மருந்து அடிக்கிற? எல்லாருக்கும் விடியக்குள்ளதான் கத்தியிருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு யோசனை வந்தது. இரவு முழுக்க நடக்கும் ஏதோவொன்று. வாடகைக்கு எடுப்பவர்கள் மாலையானதும் முதலில் செய்வது, நிற்கும் இடத்திலிருந்து கரண்ட் எடுப்பதுதான். அன்று மாலை இக்னேசியஸ் வீட்டிலிருந்து வயரை இழுத்து பஸ்ஸின் பிளக்கில் குத்தினாள். இரவு பாணும் சம்பலும் தின்றாள். அடுப்பை மூட்டவில்லை, சிலிண்டரையும் மூடிவிட்டாள்.

விடியற்காலையில் சுபஹுத் தொழுது பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அலாரம் கத்தியது. கதவைத் தள்ளித் திறந்துவிட்டு வாசற்படியில் நின்றாள். சிலிண்டர் மூடியிருக்கிறது, ஆகவே இது அடுப்புக் காஸ் இல்லை. மெல்ல உள்ளே போய்க் குனிந்தபோது, கூழ் முட்டையின் மணம் லேசாக வந்தது. கட்டிலுக்குக் கீழே, அலாரத்துக்கு அடுத்த பலகை சூடாக இருந்தது. பலகைக்குப் பின்னால் பஸ்ஸின் லைற்றுக்கும் மின்விசிறிக்குமான பெற்றரிகள். காதை வைத்தால் உள்ளே கொதிப்பதுபோல ஒரு சத்தம்.

வெளியே போய் வயரைப் பிடுங்கினாள். யன்னல்களைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் அலாரம் ஓய்ந்தது.

ஒருமுறை நடந்ததை வைத்து அஸீமிடம் சொல்ல அவள் விரும்பவில்லை. பெற்றரி ஆறியபின் திரும்பக் குத்தினாள். கதவை மூடிவைத்துவிட்டு வேம்பின் கீழ் இருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அது மறுபடியும் கத்தியது. சந்தேகமில்லை. பெற்றரி நிறைந்த பிறகும் சார்ஜர் கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது; கொதித்து வரும் காற்றைத்தான் அலாரம் பிடிக்கிறது. அஸீம் வருவதற்குள் யாராவது வயரைக் கழற்றிவிடுகிறார்கள். அவன் குழாய்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அவ்வளவுதான் விசயம்.

வயரைக் கழற்றிச் சுருட்டிவைத்துவிட்டு அஸீமுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தாள். அப்போது ரிஸ்னாவின் அழைப்பு வந்தது.

"ராத்தா, மின்சார பில் வந்திருக்கு, எங்க வெக்கிற? உம்மாட பிரஷர் மருந்து எந்தப் பெட்டியில? எப்ப ராத்தா வருவீங்க? சோத்துக்கு அரிசி எவ்வளவு போடுறெண்டே தெரியல்ல, நேத்து குழைஞ்சி போச்சி."

றுமானா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அது முடிய உம்மா அழைத்தார். உம்மாவுக்கு ரிஸ்னாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. அதையும் கேட்டாள். அதற்குப் பிறகு அஸீம்.

"என்ன புள்ள, ஏதும் தெரிஞ்சிச்சா?"

"இன்னும் இல்ல," என்றாள் றுமானா.

அப்படிச் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு மாற்றிச் சொல்லவும் இல்லை.

"சரி, இன்னம் ரெண்டு நாள் இருந்து பார்," என்றான் அவன்.

அந்த நாட்களில் அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு படுத்துத் தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை. தன்னுடைய ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது. கப்பல் ஒன்றிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பசித்தபோது முட்டை பொரித்துச் சாப்பிட்டாள், பசிக்காதபோது சமைக்கவில்லை. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒரு அறையில் தனியாகத் தூங்கி எழும்பியது இதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில் வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் இருந்ததாகத் தெரியவில்லை.

கிறேஸ் பின்னேரங்களில் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அதுக்குப் பிறகு கத்தேல்லையோ?"

"இல்ல கிறேஸ்."

கிறேஸ் சுருட்டி வைத்திருந்த வயரைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆறுதலா இருந்து பாருங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன் பேசி இரண்டு நாள் கழித்து, காலையில் அஸீம் வந்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் புதுக் காஸ் குழாயும் ஸ்பானர் பெட்டியும் கட்டியிருந்தன. அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்ன இது?" என்றாள் றுமானா.

"முழு லைனையும் மாத்தப் போறன். வெள்ளிக்கிழம ஒரு குடும்பம் கேட்டிருந்திச்சி, ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். காரணம் தெரியாம ஆரையும் ஏத்த ஏலாது."

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அவன் அதற்குள் கட்டிலின் கீழே படுத்துவிட்டான். பூட்டிய ஒவ்வொன்றையும் கழற்றத் தொடங்கினான். அவன் கேட்கக் கேட்க அவள் ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தாள். வெயில் ஏறியது. பஸ்ஸின் தகரம் கொதித்தது. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, முழங்கையை ஊன்றித் தவழ்ந்து, பலகைகளுக்கு நடுவில் கையை நுழைத்துப் பழைய குழாயை இழுத்தான். கையில் ஆணி கீறி இரத்தம் வந்தது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தான். சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு ஸ்பானரைக் கொடுக்கும்போதும் நினைத்தாள். ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்கச் சொல்வது இன்னும் கஷ்டமானது.

பழைய குழாய் முழுவதையும் வெளியே எடுத்து வேம்பின் கீழ் நீட்டிப் போட்டான். தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, வாயால் ஊதிப் பார்த்தான். ஒரு இடத்திலும் குமிழி வரவில்லை. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"ஒரு பிழையும் இல்ல," என்றான். "எனக்கு விளங்குதில்ல புள்ள. கட்டாருல நூறு பஸ்ஸ என்ட கையில தந்தாங்க, ஒருத்தனும் திரும்பிவந்து குறை சொன்னதில்ல. சொந்தமா ஒண்டு செஞ்சன், அதுல என்ன பிழையெண்டு எனக்கே தெரியல்ல. எனக்கு வயசு போயிற்றோ தெரியல்ல. இத வித்துப்போடுவமா?"

"பெற்றரி," என்றாள் றுமானா.

"என்ன?"

"பெற்றரிதான். ராவு முழுக்கக் கரண்ட்டுல போட்டா அது கொதிக்குது. கூழ் முட்டை மணம் வருது. அதுக்குத்தான் அலாரம் கத்துது. நான் ரெண்டுதரம் போட்டுப் பாத்தன்."

அஸீம் எழும்பிப் போய்ப் பலகையைத் திறந்து பார்த்தான். பெற்றரிகளின் வயிறு உப்பியிருந்தது. சார்ஜரைத் தொட்டுப் பார்த்தான். அதைப் பொருத்தியதும் அவன்தான். கட்டாரிலிருந்து கொண்டுவந்த பழைய சார்ஜர், நிறைந்தால் தானாக நிற்காத வகை.

"இது பொய் அலாரமில்ல," என்றான். "இந்தக் காத்தும் பத்தும். ஒரு நெருப்புப் பொறி போதும்." பிறகு திரும்பிப் பார்த்தான். "நீ எப்ப கண்டுபிடிச்ச?"

"முந்தநாள்."

"முந்தநாள் நான் கேட்டன். இன்னும் இல்லெண்டு சொன்னாய்."

"ஓம்."

"நான் வந்ததிலிருந்து இந்தக் குழாயைக் கழட்டிக்கிட்டிருக்கன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தாய்?"

"வயரக் கழட்டித்தான் வெச்சிருந்தன். ஒரு ஆபத்தும் வந்திராது."

"நான் அதக் கேக்கயில்ல."

றுமானா கையில் இருந்த ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டாள். "சொன்னா வீட்ட போகணும்," என்றாள்.

"போனா என்ன? அது உன்ட வீடுதானே. என்ட வீடுமில்ல, உன்ட பேருல கிடக்கிற வீடு."

"என்ட வீடுதான். எல்லாருக்கும் அதுல இடமிருக்கு. எனக்குத்தான் இருக்க ஒரு மூலை இல்ல."

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு இக்னேசியஸின் வீட்டுப் பக்கம் நடந்தான். கிறேஸ் சாப்பிடக் கூப்பிட்டும் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் றுமானாவுக்குக் கேட்டது.

அவள் குழாய்களைச் சுற்றிக் கட்டினாள். கழற்றிப்போட்ட பலகைகளைத் துடைத்து ஓர் ஓரமாக அடுக்கினாள். அழுகை வரவில்லை. ஆனால் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். யாரும் அழைத்திருக்கவில்லை. உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தாள்.

பின்னேரம் அஸீம் திரும்பி வந்தான். மோட்டார் சைக்கிளில் புது சார்ஜரும் புதுப் பெற்றரிகளும் இருந்தன. வந்ததும் வேலையைத் தொடங்கினான். பெற்றரிகளுக்குத் தனிப் பெட்டி செய்து, காற்று பஸ்ஸுக்கு வெளியே போகும்படி ஒரு குழாய் வைத்தான். காஸ் லைனைத் திரும்பப் பூட்டினான். றுமானா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் உள்ளே கட்டிலில் இருந்தாள்.

"கட்டாருல எங்கட அறையில எட்டுப் பேர்," என்றான் அவன், தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே. "ஒருத்தன் போன்ல கத்துவான், ஒருத்தன் குறட்டை. வேலை முடிஞ்சதும் நான் அறைக்குப் போகமாட்டன். கராஜுல நிக்கிற பஸ் ஒண்டுக்குள்ள ஏறி, கடைசி சீற்றுல இருப்பன். ஒண்டும் செய்யமாட்டன். சும்மா இருப்பன். ஓவர்டைம் எண்டு உனக்குச் சொன்னதில பாதி அதுதான்."

"நீங்க சொல்லவே இல்லயே."

"என்னண்டு சொல்லுற? நீ இஞ்ச புள்ளையளோட தனியக் கஷ்டப்படக்குள்ள."

றுமானா அவனுடைய முதுகைப் பார்த்தாள். அந்த ஓவர்டைம் நாட்களில் அவள் அவனுக்காக எத்தனையோ தரம் துஆ கேட்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு அது சிரிப்பாக மாறியது. அவன் திரும்பிப் பார்த்தான், அவன் சிரிக்கவில்லை.

"ஆனா நான் ஒருத்தரையும் வெயிலுக்குள்ள தவழ விடயில்ல," என்றான்.

"அது பிழைதான்," என்றாள் அவள். "காலையிலயே சொல்லியிருக்கணும்."

"ஓம்."

அன்று இரவு முழுக்கப் பஸ்ஸைக் கரண்ட்டில் போட்டு வைத்து, இருவரும் அதிலேயே தங்கினார்கள். அலாரம் கத்தவில்லை. காலையில் கிறேஸுக்கும் இக்னேசியஸுக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிண்ணியாவுக்குக் கிளம்பினார்கள். அஸீம் பஸ்ஸை ஓட்டினான். மோட்டார் சைக்கிளைப் பிறகு வந்து எடுப்பதாகச் சொன்னான். வழியில் இருவரும் அதிகம் கதைக்கவில்லை. அவனுடைய கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமுடியாது. தேவைக்கு மட்டும் பேசினான்.

வீட்டு வாசலில் உம்மா நின்றார். "இத்தன நாளும் என்னத்த செஞ்சீங்க? என்னதான் பிழையாம்?"

"பெற்றரி மாமி," என்றான் அஸீம். "லேசில பிடிபடல்ல. றுமானாதான் கண்டுபிடிச்சா."

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. றுமானா உள்ளே போனாள். குசினியில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ரிஸ்னா, "ராத்தா வந்திட்டா," என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள்.

ரிஸ்னாவின் வீட்டுக் கூரை நோன்புக்கு முன் முடிந்தது. அவர்கள் போனதும் முன்னறைக்கு உம்மா வர விரும்பினார். றுமானா வேண்டாம் என்றாள். உம்மாவுக்கு அவள் அப்படி வேண்டாம் என்று சொல்லி இதற்கு முன் பழக்கமில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார், பிறகு சரியானார். அஸீம் அந்த அறைக் கதவுக்கு உள்ளிருந்து போடும் கொண்டி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். என்னத்துக்கு என்று அவன் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. லுஹருக்குப் பிறகு அவள் அதற்குள் போய்க் கொண்டியைப் போட்டுக்கொள்வாள்.